நான் மாற்றி வரைந்த பாதை

நிலவறைப் படிக்கட்டின் கீழே, ஓர் ஆணியில், உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தகடு ஒன்று தொங்குகிறது. நடுவில் அரைவட்டமாக வெட்டியிருக்கும். அதை மரத்தில் அழுத்திப் பிடித்து வெள்ளைப் பெயின்ட் தடவினால் அரைவட்டம் பதியும். எங்கள் ஊரைச் சுற்றி நடக்க வருகிற பயணிகள் பதினைந்து வருடங்களாக அந்த அரைவட்டங்களைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள். ஊர் முழுவதும் எத்தனை இருக்கிறதென்று தெரியாது. பழைய பள்ளிக்கூடத்தில் தொடங்கிப் பாறைவரை போகிறவை எல்லாம் என் கையால் வரைந்தவை.

எங்கள் ஊர் என்று நான் எழுதுவது யாழ்ப்பாணத்தை அல்ல. ஜெர்மனியில், ரூர்ப் பகுதியின் தொழிற்சாலைகள் முடிந்து மலைகள் தொடங்குகிற சவர்லாந்துப் பக்கத்தில் இருக்கிற ஒரு சின்னக் கிராமத்தை. அதை எங்கள் ஊர் என்று சொல்ல எப்போது தொடங்கினேன் என்று யோசித்தால், அந்தத் தகட்டை என் கையில் தந்த நாளில்தான் என்று நினைக்கிறேன்.

அகதியாக வந்த புதிதில் கெல்சென்கிர்ச்சனில் இருந்தோம். அங்கே தமிழ்க்கடை இருந்தது, கோயில் இருந்தது, சனிக்கிழமை தமிழ் வகுப்பு இருந்தது. பிறகு இந்த மலைப்பக்கத்தில் விளக்கு மூடிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு நிரந்தர வேலை கிடைத்தது. பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் பௌதிகம் படித்துவிட்டு ஓடிவந்தவனுக்கு அது பெரிய வேலையாகத் தெரிந்தது. மகளுக்கு அப்போது நான்கு வயது. வீட்டுச் சாமான்களை இறக்கிவைத்த அன்று மனைவி யன்னலைத் திறந்து வெளியே பார்த்தபடி நெடுநேரம் நின்றாள். ஒரு மாடு கத்தியது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. "இஞ்ச ஆக்கள் இருக்கினமோ?" என்று கேட்டாள்.

ஆட்கள் இருந்தார்கள். ஆனால் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தார்கள். முதலில் பலசரக்குக் கடை போனது. பிறகு சாப்பாட்டு விடுதி. மகள் மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது பள்ளிக்கூடமும் மூடப்பட்டு, பிள்ளைகள் பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போனார்கள். வேலை முடிந்த நேரங்களில் நான் காட்டுக்குள் நடந்தேன். அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வீட்டிலிருந்தால் தொலைபேசியைப் பார்த்தபடி இருப்பேன். அந்த நாட்களில் ஊரிலிருந்து வருகிற அழைப்புகள் பெரும்பாலும் கெட்ட செய்திகள். நடந்தால் அது கேட்காது. இரண்டு மூன்று வருடங்களில் எந்த ஒழுங்கை எந்த ஓடையில் முடிகிறது என்பது அங்கே பிறந்தவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

மகளுக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது தீயணைப்பு நிலையத்தில் ஊர்க்கூட்டம் நடந்தது. விடுதி மூடியபின் எல்லோரும் உட்காரக்கூடிய இடம் அது ஒன்றுதான். தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டுக் கதிரைகள் போட்டார்கள். மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞர் வந்து திரையில் படங்கள் காட்டினார். சைக்கிள் ஓட்டுகிற குடும்பம், புல்லில் படுத்திருக்கிற பெண், பாலாடைக்கட்டி தின்கிற குழந்தை. கிராமியச் சுற்றுலாவுக்கு இங்கே வாய்ப்பு அதிகம் என்றார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கணினியைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டுப் போகும்வரை மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். கார் போன சத்தம் கேட்டபிறகுதான் கூட்டம் தொடங்கியது.

பேசத் தொடங்கியவர் மேட்டுப் பண்ணை அம்மா. மாடுகள் வைத்திருப்பவர், என்னைவிட எட்டுப் பத்து வயது மூத்தவர், மாட்டைக் கூப்பிடுகிற குரலிலேயே மனிதரையும் கூப்பிடுபவர். வருகிறவனுக்குப் படுக்க இடம் வேண்டும், தின்ன ஏதாவது வேண்டும், நடக்க வழி வேண்டும், மூன்றே விஷயம், அதில் யார் எதைச் செய்யப்போகிறோம் என்று கேட்டார். ஓய்வு பெற்ற தபால்காரர் சுவரில் பெரிய தாள் ஒன்றை ஒட்டினார். அன்று உருவான ஊர்ச் சங்கத்துக்கு அவர்தான் இன்றுவரை தலைவர். ஒவ்வொரு வீடும் ஒரு வேலையை ஏற்று அந்தத் தாளில் எழுத வேண்டும். எழுதிய வீட்டுக்கு மட்டும்தான் இனிமேல் கூட்டத்தில் வாக்கு. தச்சர் கட்டில்கள் செய்வதாக எழுதினார். ஒருவர் புல்வெளியில் கார் நிறுத்த இடம் தந்தார். எங்கள் வீட்டு முறை வந்தபோது எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து, எனக்கு நடக்கத் தெரியும் என்றேன். ஜெர்மனில் அது அப்படித்தான் வந்தது. சிரித்தார்கள். பண்ணை அம்மா சிரிக்காமல், "இவரை நான் காட்டில் பார்த்திருக்கிறேன். மழையிலும் நடப்பார். வழி அவரிடம் இருக்கட்டும்" என்றார்.

அப்படித்தான் மலை முகட்டுப் பாறைக்குப் போகும் வழி எங்கள் வீட்டு வேலையானது.

வழிக்குறி வரைவதற்கு முறை இருக்கிறது. கம்பித் தூரிகையால் மரப்பட்டையைத் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும், ஆனால் மரத்துக்குக் காயம் படக்கூடாது. ஒரு குறியின் அருகே நின்று பார்த்தால் அடுத்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும். பாதை பிரிகிற இடத்தில் திரும்பியதும் இன்னொன்று, நடப்பவர் தான் சரியாகத்தான் வந்தேன் என்று ஆறுதல் கொள்வதற்காக. எல்லாவற்றுக்கும் மேல், வழி சங்கத்துடையது, வரைகிறவருடையது அல்ல. ஒரு வளைவை மாற்றுவதானாலும் கூட்டத்தில் சொல்லி, எல்லோரும் போய் நடந்து பார்த்து, பிறகுதான் மாற்ற வேண்டும்.

மகள் தகட்டைப் பிடிப்பாள், நான் பெயின்ட் தடவுவேன். பெயின்ட் காய்வதற்குள் நான் தகட்டை இழுத்துவிடுவேன் என்பதால் என் அரைவட்டங்களின் வலது முனையில் சின்னதாக ஒரு வால் விழும். "அப்பா, இதுக்கும் வால் முளைச்சிட்டுது" என்று அவள் ஒவ்வொரு மரத்தடியிலும் அலுத்துக்கொள்வாள். கையெல்லாம் வெள்ளையாக வீடு திரும்புவோம்.

அந்த முதல் வருடங்களை இப்போது நினைத்தால் எல்லாம் ஒரே நீண்ட சனிக்கிழமை போல இருக்கிறது. ஊர் நடுவில் கல்லால் கட்டிய சிறிய அடுப்புவீடு ஒன்று உண்டு. முன்காலத்தில் வீடுகள் முறைவைத்துப் பாண் சுட்ட பொது இடம். அதன் விறகடுப்பைத் திரும்பப் பற்றவைத்தார்கள். எங்கள் குறியின் அரைவட்டமே அந்த அடுப்பின் வாய்தான். சனிக்கிழமைகளில் விருந்தினருக்கு அங்கே பாணும் சூப்பும் கேக்கும். மனைவி முதல் தடவை மீன் ரோல்ஸ் செய்து கொண்டுபோனபோது கேக்குகளின் வரிசையில் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஓரத்தில் வைத்தாள். பண்ணை அம்மா ஒன்றை எடுத்துக் கடித்தார், கண்ணில் நீர் வந்தது, இது மனிதர் தின்கிற உறைப்பா என்று கேட்டார், கேட்டபடியே இன்னும் இரண்டை எடுத்துக் கைத்துண்டில் சுற்றினார். மறுவாரம் விருந்தினருக்கு முன்னால் ஊர்க்காரர்கள் வரிசையில் நின்றார்கள். அதற்கடுத்த வருடம் ஒரு நாள், அடுப்பிலிருந்து பாண் இறக்கிக்கொண்டிருந்தபோது, இனிமேல் எங்களை நீ என்றுதான் கூப்பிடப்போகிறேன், நீங்களும் என்னை அப்படியே கூப்பிடுங்கள் என்றார் அந்த அம்மா. இந்த நாட்டில் அது சின்ன விஷயமில்லை. மனைவி வீட்டுக்கு வந்து இரண்டு பேருக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

பள்ளிக்கூடத்தை விருந்தினர் விடுதியாக மாற்றினோம். மகள் படித்த வகுப்பறையில் நான்கு கட்டில்கள். பிள்ளைகள் மேலங்கி மாட்டுகிற கொளுக்கிகளை மட்டும் எடுக்க வேண்டாம் என்று கூட்டத்தில் முடிவாயிற்று. எழுத்துத் தெரியாத வயதுக்காக ஒவ்வொன்றின் மேலும் ஒரு மிருகப் படம் ஒட்டியிருக்கும். ரொட்டர்டாமிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி முயலிலும் வாத்திலும் தங்கள் மழைக்கோட்டுகளைத் தொங்கவிட்டுவிட்டு, காலையில் விருந்தினர் புத்தகத்தில் முயலுக்கு நன்றி எழுதிவிட்டுப் போனார்கள். மகளுடைய கொளுக்கி முள்ளம்பன்றி. ஒவ்வொரு முறை அந்த அறைக்குள் போகும்போதும் அதை ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் வருவேன்.

அவள் படித்து, டுசல்டோர்ஃபில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் சேர்ந்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. லிஃப்ட், கண்ணாடிக் கதவு, மாலை ஐந்து மணிக்கு வீடு. மூன்று வருடங்களுக்கு முன் சங்கம் மானியம் கேட்டு எழுதிய அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், ஒன்றுக்கு அனுமதி கிடைத்து, விடுதியை நடத்த ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்கலாம் என்றானது. அவள் எங்களைக் கேட்காமல் விண்ணப்பித்தாள். செய்தியை எங்கள் சமையலறையில் வைத்துச் சொன்னாள்.

"இவ்வளவு படிச்சுப் போட்டு இஞ்ச வந்து கட்டில் விரிப்பு மாத்தப்போறியோ?" என்றேன்.

"நீங்கள் பௌதிகம் படிச்சுப் போட்டு லாம்பு மூடி செய்யேல்லையோ?"

மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதோடு விவாதம் முடிந்தது.

ஆனால் என் பயம் அன்றுதான் தொடங்கியது. விடுதிப் பொறுப்போடு சனிக்கிழமை நடையும் அவளுடையது. பத்து மணிக்கு விருந்தினரோடு புறப்பட்டு, பாறைவரை போய், ஒரு மணிக்கு அடுப்புவீட்டுக்குத் திரும்ப வேண்டும். நான் செய்தி அனுப்புவேன். வெளிக்கிட்டாச்சோ, மழையோ, எங்க நிக்கிறாய். அவள் ஒரு பெருவிரல் படத்தை அனுப்புவாள். சில வாரம் அதுவும் வராது.

பாறை ஒரு கற்பலகை முகடு. மேலே நின்றால் மூன்று பள்ளத்தாக்கும் தூரத்தில் அணைக்கட்டு நீரும் தெரியும். கடைசி நூறு அடி ஒடுக்கமானது. இடது பக்கம் சரிவு. எத்தனையோ வருடம் ஒரு கையில் பெயின்ட் டின்னோடு அதில் ஏறி இறங்கினேன், ஒன்றும் தோன்றவில்லை. மகள் அதில் ஆட்களைக் கூட்டிப்போகத் தொடங்கியபின் அது வேறு பாறை. போதாததற்கு, பட்டை துளைக்கும் வண்டு வந்து மலைகளில் ஊசியிலை மரங்களையெல்லாம் கொன்றுவிட்டது. முன்பு இரண்டு பக்கமும் சுவர் போல நின்ற மரங்களை வெட்டி எடுத்துவிட்டார்கள். வெறும் அடிக்கட்டைகளும் வானமும். சரிவு இப்போது அடிவரை தெரிந்தது.

போன வருடம் செப்டம்பரில் ஒரு விருந்தினர் அந்த இடத்தில் சறுக்கி விழுந்து காற்சட்டையைக் கிழித்துக்கொண்டார். மகள் அதை எங்கள் வீட்டில் சாப்பிடும்போது பகிடியாகச் சொன்னாள், அவர் கிழிந்த காற்சட்டையோடு படமெடுக்க நின்ற விதத்தை நடித்தும் காட்டினாள். மனைவி சிரித்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு வாரம் பொறுத்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை, காலை வேலை முடிந்து வந்து, கம்பித் தூரிகையையும் தகட்டையும் வெள்ளை டின்னையும், கூடவே மண்ணிறப் பெயின்டையும் எடுத்துக்கொண்டு போனேன். பாறைக்கு ஏறும் கிளைப்பாதையில் இருந்த ஏழு குறிகளை மண்ணிறத்தால் மூடினேன். கீழே மரம் இழுக்கும் பாதை ஒன்று சரிவைச் சுற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்புகிறது; அகலமானது, வழுக்காது. அதில் பதினொரு புதிய அரைவட்டங்கள் வரைந்தேன். ஒன்றிலிருந்து பார்த்தால் அடுத்தது தெரிகிறதா என்று ஒவ்வொன்றிலும் நின்று பார்த்தேன். அன்று வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

யாருக்கும் சொல்லவில்லை. மனைவிக்கும்கூட.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். இயக்கங்களும் ஆமியும் மாறி மாறி நின்ற காலத்தில் சந்தியில் ஏதோ சரியில்லை என்று பட்டால் சைக்கிளைத் திருப்பி வேறு ஒழுங்கையால் போய்விடுவோம். யாரிடமும் கேட்கமாட்டோம். கேட்டால் கேட்டவன் மேல் ஒரு கண் விழும். எந்த வழியால் போனாய் என்று பிறகு வீட்டிலும் சொல்வதில்லை. அந்தப் பழக்கத்தைச் சைக்கிளோடு அங்கேயே விட்டுவந்ததாக நினைத்திருந்தேன். இன்னொன்றும் உண்டு. பதினாறு வயதுப் பிள்ளைகளை மரம் அறுக்கும் இயந்திரத்தோடு காட்டுக்கு அனுப்புகிறவர்கள் நிறைந்த கூட்டத்தில் எழுந்து, இருபத்தெட்டு வயது மகள் பாறையில் ஏறுவது பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

நான் கேட்டிருந்தால் அவர்கள் ஒரு விஷயம் சொல்லியிருப்பார்கள். செப்டம்பர்க் கூட்டத்துக்கு வன அதிகாரி வந்திருந்தாராம். எனக்கு அன்று மாலை வேலை. கீழ்ச்சரிவில் செத்த மரங்கள் இன்னும் வெட்டாமல் நிற்கின்றன, பனிக்காலத்தில் வெட்டும்வரை மரம் இழுக்கும் பாதைக்குள் யாரும் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். ஊர்ப்பக்க வாயிலில் சிவப்பு வெள்ளை நாடா கட்டினார்கள். மேல் பக்கத்தில் கட்டவில்லை. அங்கிருந்து யாரும் வரப்போவதில்லையே. நான் மேலிருந்து வரைந்துவந்து வாயிலுக்கு முந்திய வளைவோடு நிறுத்தி வந்த வழியே திரும்பியதால் நாடா என் கண்ணில் படவில்லை. கூட்டக் குறிப்பு அடுப்புவீட்டுக் கதவில்தான் ஒட்டியிருந்தது. அதைப் படிக்காமலே வாரத்துக்கு இரண்டு முறை அந்தக் கதவைத் திறந்து மூடினேன்.

அந்தச் சனிக்கிழமை புகார். அடுப்புவீட்டில் நானும் மனைவியும் பண்ணை அம்மாவும் சூப்புக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தோம். ஒரு மணி ஆயிற்று, வரவில்லை. புகாரில் மெதுவாகத்தான் வருவார்கள் என்றார் பண்ணை அம்மா. ஒன்றரைக்கு மேல் தீயணைப்பு நிலையக் கூரையில் சங்கு ஊதியது. எங்கள் ஊரில் தீயணைப்புப் படை என்றால் தச்சரும் பால்காரரும் பண்ணை அம்மாவின் மகனும்தான். வீடுகளிலிருந்து காற்சட்டையை மாட்டியபடி ஓடிவந்தார்கள். விருந்தினர் ஒருவர் மேடேறிச் சிக்னல் பிடித்து அழைத்திருக்கிறார். மரம் விழுந்துவிட்டது, வழிகாட்டிப் பெண்ணுக்கு அடி, குறியிட்ட பாதையில்தான் நாங்கள் நிற்கிறோம் என்று சொல்வதற்குள் அழைப்பு அறுந்துவிட்டது. குறியிட்ட பாதை என்றால் பாறைக்குப் போகும் வழி. வண்டி பாறைப் பக்கம் புறப்பட்டது.

அவர்கள் பாறையில் இல்லை என்று அந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

வண்டி நிலைய வாசலிலிருந்து தேவாலய வளைவில் மறையும்வரை நான் கத்தியைப் பிடித்தபடி வாய் திறக்காமல் நின்றேன். எவ்வளவு நேரம் இருக்கும், அரை நிமிடம் இருக்குமா? அந்த நேரத்தில் மகளை நினைத்துக் கலங்கி நின்றேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படியில்லை. இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்றுதான் நினைத்துக்கொண்டு நின்றேன். இப்போதும் வேலை செய்யும் இயந்திரத்தின் முன்னால் அந்த வளைவு ஞாபகம் வந்தால் கையை எடுத்துவிட்டுச் சற்று நிற்கிறேன்.

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். "என்னப்பா?" என்றாள்.

நான் பண்ணை அம்மாவைப் பார்த்து ஜெர்மனில் சொன்னேன். "அங்கே இல்லை. கீழ்ப்பாதையில் இருக்கிறார்கள். குறிகளை நான் மாற்றினேன்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. நிலையத்துக்கு விரைந்து வானொலிக் கருவியில் மகனைக் கூப்பிட்டு வண்டியைத் திருப்பச் சொன்னார். திரும்பி வந்து, "டிராக்டரில் ஏறு" என்றார். ஊர்ப்பக்க வாயிலுக்கு ஓட்டினார். நாடாவின் முன்னால் நிறுத்தி, இறங்கி, அதை அறுத்து எறிந்தார். "இதைக் கட்டியதும் நான்தான்" என்று மட்டும் சொன்னார்.

புகாருக்குள் முதலில் மஞ்சள் மழைக்கோட்டுகள் தெரிந்தன. பாதைக்குக் குறுக்கே ஒரு செத்த மரம். விருந்தினர் ஏழு பேரும் திறந்த இடத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். மகள் நின்றுகொண்டிருந்தாள், முகம் வெளிறி, இடது கையைச் சால்வையால் கழுத்தோடு கட்டியபடி. முறிகிற சத்தம் கேட்டதும் எல்லோரையும் பின்னால் போகச் சொல்லிக் கத்தியிருக்கிறாள். கடைசியாக அவள் விலகுவதற்குள் கிளை தோளில் விழுந்திருக்கிறது. டிராக்டரிலிருந்து இறங்கிய என்னைப் பார்த்தாள். பிறகு என் பக்கத்து மரத்தைப் பார்த்தாள். அதில் வால் முளைத்த ஓர் அரைவட்டம், புது வெள்ளையில் பளிச்சென்று இருந்தது.

தோள்பட்டை எலும்பு முறிவு. அறுவைச் சிகிச்சை தேவையில்லை, ஆறு வாரம் கட்டு. ஆஸ்பத்திரியில் மனைவி கோப்பி எடுக்க வெளியே போன நேரத்தில் மகளே தொடங்கினாள்.

"புகாருக்க ஒண்டும் தெரியேல்லை அப்பா. மரங்களும் இல்லை, எந்த இடத்தில நிக்கிறன் எண்டே தெரியேல்லை. குறியைப் பாத்தன். உங்கட கை எண்டு தெரிஞ்சது. அதாலதான் போனன்."

நான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"கூட்டத்தில கேட்டுத்தான் மாத்தியிருப்பீங்கள் எண்டு நினைச்சன்."

"நீ விழுந்திடுவாய் எண்டு பயந்தன் பிள்ளை."

"பயமெண்டா சொல்லுங்கோ. சொல்லாமல் மாத்தாதேங்கோ."

இனிப் போகாதே, டுசல்டோர்ஃப் வேலையைத் திரும்பக் கேட்டுப் பார் என்றேன். அவள் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். மனைவி மூன்று கோப்பியோடு வந்தாள். அதன்பிறகு கிறிஸ்துமஸ்வரை மகள் எங்கள் வீட்டுக்கு வருவாள், சாப்பிடுவாள், தாயோடு பேசுவாள். என்னிடம் உப்புக் கேட்பாள்.

நவம்பர்க் கூட்டத்துக்கு டின், தூரிகைகள், தகடு எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் எடுத்துப்போய் மேசையில் வைத்தேன். பாதுகாப்பைப் பற்றி நல்ல ஜெர்மனில் நான்கு வசனம் தயாரித்து வைத்திருந்தேன். தலைவர் ஒரு கேள்விதான் கேட்டார், ஏன் என்று. மகள் கட்டுப்போட்ட கையோடு மூன்றாவது வரிசையில் இருந்தாள். நான் தயாரித்ததை விட்டுவிட்டு, "என் மகள் அந்தப் பாறையில் நடக்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது" என்றேன்.

விருந்தினருக்கு வீட்டில் அறை விடுகிற ஒருவர் எழுந்து, ஆட்கள் பதிவுகளை ரத்துச் செய்கிறார்கள், இந்த மனிதரிடம் இனித் தூரிகையே கொடுக்கக்கூடாது என்றார். அவர் சொன்னது நியாயம். இன்றுவரை அவர் எனக்கு வணக்கம் சொல்வதில்லை. அவர் உட்கார்ந்தபிறகு பண்ணை அம்மா இருந்த இடத்திலிருந்தே பேசினார். முழங்கால் போனதிலிருந்து ஐந்து வருடமாக நானும் அந்தப் பாறைக்குப் போகவில்லை, பயத்தில்தான், வெட்கத்தில் மாடுகளைச் சாட்டுச் சொல்லிவந்தேன் என்றார். யாரோ சிரித்தார்கள். இன்னும் இரண்டு பேர் தங்கள் பிள்ளைகளை அங்கே விடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள்.

வாக்கெடுப்புக்கு முன் வழக்கப்படி எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை போய் நடந்து பார்த்தோம், முப்பது பேர், ஒருவர் பின் ஒருவராக. வழி பாறைக்கே போகும், ஆனால் கடைசி நூறு அடிக்கு இரும்புத் தூணும் சங்கிலியும் போடுவது என்று முடிவானது. எங்கள் வீட்டு வேலை எங்களிடமே இருக்கும். ஆனால் இனி யாரும் தனியாகக் குறி வரையக்கூடாது. என்னோடு வருவதற்குப் பண்ணை அம்மா கை தூக்கினார். பனி விழுமுன் தச்சரும் நானும் கற்பலகையில் துளையிட்டோம். தொழிற்சாலையில் துளையிடுவதும் என் வேலைதான்; நான்கு நாட்களில் முடித்தோம்.

மார்ச்சில் குறிகளைத் திரும்ப வரையப் போனோம். கம்பித் தூரிகையால் தேய்த்தபோது மண்ணிறம் உதிர்ந்து பழைய வெள்ளை வெளியே வந்தது. சில இடங்களில் புதிதாக வரையவே தேவையிருக்கவில்லை. தேவைப்பட்ட இடங்களில் என் அரைவட்டத்துக்குத் திரும்ப வால் விழுந்தது. பண்ணை அம்மா தகட்டைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருடமும் இப்படியா வரைந்தாய், இதற்கா உன்னைப் பெரிய வழிக்காரன் என்று நம்பினோம் என்று மரத்துக்கு மரம் திட்டினார். நான்காவது மரத்தில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. மகள். அவரிடமிருந்து தகட்டை வாங்கி, குணமான கையால் மரத்தில் அழுத்திப் பிடித்தாள். "காயும்வரை இழுக்காதேங்கோ" என்றாள். பெயின்ட் காயும்வரை மூவரும் நின்றோம். அந்த ஒன்றுக்கு மட்டும் வால் இல்லை.

ஏப்ரலில் முதல் நடை. பதினொரு பேர், பள்ளிக்கூட வாசலில் கோட்டுகளைப் பூட்டிக்கொண்டு நின்றார்கள். வானம் தெளிவாக இருந்தது. மனைவி காலையிலேயே என் தொலைபேசியை வாங்கித் தன் ஏப்ரன் பைக்குள் போட்டிருந்தாள். எல்லோரும் நகரத் தொடங்கியபின் மகளின் அருகே போனேன்.

"எனக்குப் பயமாக் கிடக்கு பிள்ளை" என்றேன்.

"ஓம், தெரியும்." பையின் வாரை நல்ல தோளுக்கு மாற்றினாள். "ஒரு மணிக்கு வாறன்."

அவர்கள் வளைவில் மறையும்வரை பார்த்துவிட்டு அடுப்புவீட்டுக்குள் போனேன். ஒரு கூடை லீக்ஸ் கழுவாமல் இருந்தது. பண்ணை அம்மா கத்தியை என் பக்கம் தள்ளினார்.